தரை வரை இறங்கிய கம்பிகள்

அன்புள்ள பாபு,

பொங்கலுக்கு நீ போட்ட கடிதத்துக்கு இப்போதுதான் பதில். கோபித்துக்கொள்ளாதே. வீட்டில் எல்லோரும் நலம். மேஜர் இன்னும் பணம் தரவில்லை, கேட்டால் அதே பழைய பல்லவிதான்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். கொஞ்ச நாளாக எனக்கு, நின்ற பியானோவைக் குட்டையாக்கிய ஜான் ஐசக் ஹாக்கின்ஸ் நினைப்புதான்.

படுத்திருக்கும் பியானோவை நிமிர்த்தி வைக்கும் யோசனை பழையது. 1739இலேயே இத்தாலியில் தொமெனிகோ டெல் மேலா என்ற பாதிரியார் செய்துவிட்டார். 1795இல் லண்டனில் வில்லியம் ஸ்டோடார்ட், புத்தக அலமாரி மாதிரி ஒன்றைச் செய்து காப்புரிமையும் வாங்கினார். ஆனால் அதிலெல்லாம் கம்பிகள் விரலால் அழுத்தும் கட்டைகளின் மட்டத்தில் தொடங்கி மேலே போகும், கீழே வெறும் கால்தான். அதனால் ஆளை விட உயரம். பிலடெல்பியாவில் ஹாக்கின்ஸ் அந்தக் கம்பிகளைத் தரைப் பக்கம் இறக்கினார். பியானோ சுமார் நாலரை அடிக்குள் அடங்கிவிட்டது! உள்ளே இரும்பால் முட்டுக்கொடுத்தார். கட்டைகளை மடக்கி வைக்கவும் வழி செய்தார். காப்புரிமை 1800இல். வியன்னாவில் மத்தியாஸ் முல்லரும் அதே சமயம் இதே வழிக்கு வந்திருந்தார்.

அமெரிக்க அதிபர்களில் ஒருவரான தாமஸ் ஜெபர்சன் அதைப் பார்த்து மயங்கி, மகளுக்காக 264 டாலர் கொடுத்து வாங்கினார். சுருதி நிற்கவே இல்லை. கடைசியில் பியானோ ஹாக்கின்ஸிடமே திரும்பிப் போனது. ஆனால் அதே ஹாக்கின்ஸ் கண்டுபிடித்த, எழுதும்போதே நகல் எடுக்கும் கருவியை ஜெபர்சன் கடைசி வரை விடவில்லை.

"விற்காத சரக்குக்கு என்னடா பெருமை?" என்பாய். இதில் மட்டும் உன்னோடு ஒத்துப்போக மாட்டேன். பிறகு ராபர்ட் வோர்னம் லண்டனில் 1811 முதல் குட்டை பியானோக்கள் செய்து நன்றாக விற்றார், உண்மைதான். படுத்த பியானோவில் கம்பியைத் தட்டும் சுத்தியல் தன் எடையாலேயே விழுந்துவிடும், நின்ற பியானோவில் விழாது. அதைப் பின்னால் இழுக்க ஒரு துணி நாடாவைக் கட்டும் முறைக்கு 1842இல் காப்புரிமை வாங்கினார். எனக்கு அந்த நாடாவின் மேல் அத்தனை ஆசை. ஆனாலும் கம்பி தரைக்கு இறங்கியிராவிட்டால் சாதாரண வீட்டுக் கூடத்துக்குள் பியானோ வந்திருக்குமா, சொல்.

உங்கள் பள்ளி ஹாலில் நிற்கும் பியானோவின் முன்பலகையைக் கழற்றச் சொல்லிப் பார். ஒவ்வொரு சுத்தியலுக்கும் விரல்நீள நாடா ஒன்று இருக்கும், நுனியில் தோல் வைத்திருப்பார்கள். எத்தனை அறுந்திருக்கிறது என்று எழுது. மாற்றித் தர எனக்குத் தெரிந்த ஆள் இருக்கிறார்.

அன்புடன்,
ரவி