ஜெஜு தீவைச் சுற்றி வந்தோம்: ஒரு நன்றி மடல்

கொரியாவில் இருக்கும் நம் நண்பர்களுக்கும், ஜெஜு தீவில் எங்களுக்குக் கைகொடுத்த அத்தனை பேருக்கும்,

வணக்கம். நானும் கணவரும் சைக்கிளில், அம்மா பாதி நடையும் பாதி பஸ்ஸுமாக, தீவை ஒரு வட்டம் அடித்துவிட்டு நல்லபடியாக வீடு வந்து சேர்ந்தோம். ஒவ்வொருவருக்கும் தனியாகச் சொல்ல ஆரம்பித்தால் யாரையாவது விட்டுவிடுவேன், அதனால்தான் இந்த மடல். ஜெஜுக்காரர்கள் தமிழ் படிக்கப்போவதில்லைதான். ஆனாலும் அவர்கள் செய்தது நம் ஆட்கள் நாலு பேருக்குத் தெரிய வேண்டும்.

போகாதவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். தீவின் கரையை ஒட்டி 234 கிலோமீட்டருக்கு ஒரு சைக்கிள் பாதை, 2015இல் திறந்தது. சாலையோரம் நீலக்கோடு போட்டிருப்பார்கள், அதைப் பிடித்துக்கொண்டே போக வேண்டியதுதான். யோங்துவாம் பாறையில் தொடங்கி இடஞ்சுழியாகப் போனால் கடல் எப்போதும் வலப்பக்கம் இருக்கும். நடப்பவர்களுக்கு ஒல்லே என்று வேறு பாதை, 27 பிரிவுகள், 437 கிலோமீட்டர். அதில் சைக்கிளுக்கு இடமில்லை. ஆனால் இரண்டும் பல ஊர்களில் சந்திக்கும். காலையில் அம்மாவை ஒல்லேயில் விட்டுவிட்டு நாங்கள் மிதிக்க, சாயங்காலம் எல்லாரும் ஒரே விடுதியில்.

முதல் நன்றி தேஜோன் நகரத்தில் இருக்கும் அக்காவுக்கு. "மீன், இறைச்சி சாப்பிடமாட்டேன், நெத்திலிச் சாறும் வேண்டாம்" என்று கொரிய மொழியில் நீங்கள் எழுதிக்கொடுத்த அந்தச் சீட்டு இல்லையென்றால் அம்மா வாழைப்பழத்தில்தான் காலம் தள்ளியிருப்பார். இங்கே சாதாரண சூப்பில்கூடக் கருவாட்டுச் சாறு இருக்கும் என்பது நீங்கள் சொல்லித்தான் எங்களுக்கு உறைத்தது. தீவின் தென்கரையில் இருக்கும் சொக்விபோ நகரச் சந்தையில் ஒரு அம்மாள் அந்தச் சீட்டை இரண்டு முறை படித்துவிட்டு, பக்வீட் என்ற தானிய மாவை மெல்லியதாக ஊற்றி, வெந்த முள்ளங்கித் துருவலை நடுவில் வைத்துச் சுருட்டிக் கொடுத்தார். பிங்தொக் என்று பெயர், ஜெஜு பலகாரம். தோசைக்குள் முள்ளங்கிப் பொரியல் வைத்த மாதிரிதான் இருந்தது, உப்பு மட்டும் கொஞ்சம் கம்மி. அம்மா கைப்பையிலிருந்து இட்லிப் பொடியை எடுத்தபோது எனக்குத்தான் கூச்சம். அந்த அம்மாள் விரலில் தொட்டு நக்கிப் பார்த்துவிட்டுத் தலையாட்டினார்.

அப்புறம் தேஜொங் பக்கத்துப் பூண்டு வயல்கள். மே மாதம், பூண்டு பிடுங்கும் சமயம், காற்றிலேயே பூண்டு வாசம். அங்கேதான் பின் டயர் பஞ்சர். மாற்று ட்யூபை மாட்டினால் அதன் வால்வு கழன்று கையோடு வந்துவிட்டது (எங்கே வாங்கியது என்பதைச் சொல்லாமல் விடுகிறேன்). வயலில் பூப்போட்ட துணித்தொப்பி அணிந்த பாட்டிகள். ஒவ்வொருவர் பின்புறத்திலும் வட்டமாக ஒரு நுரைத் திண்டு, எலாஸ்டிக் பட்டையால் காலோடு மாட்டியது. எழுந்து நடந்தால் அதுவும் கூட வரும், உட்கார்ந்தால் அதுவே முக்காலி. அப்படித் திண்டோடு ஒரு பாட்டி சாலைக்கு வந்து, டயரை அமுக்கிப் பார்த்து, எங்களை ஒரு வார்த்தை கேட்காமல் யாருக்கோ போன் போட்டார். கொஞ்ச நேரத்தில் ஒரு சின்ன லாரி வந்தது. சைக்கிள் பூண்டு மூட்டைக்கு மேலே, நாங்கள் முன்னால். உழவு இயந்திரம் பழுது பார்க்கும் பட்டறையில் கொண்டுபோய் இறக்கினார் ஓட்டுநர். பட்டறைக்காரர் ட்யூபை ஒட்டிக் கொடுத்துவிட்டுக் காசு வாங்க மாட்டேன் என்றார். கிளம்பும்போது தண்டோடு ஒரு கட்டுப் பூண்டு வேறு கையில் திணித்தார்கள். ஒரு பெயரும் கேட்டு வைத்துக்கொள்ளவில்லை. பாட்டி, லாரிக்கார அண்ணா, பட்டறை ஐயா, மூவருக்கும் பெரிய கும்பிடு.

ஒல்லேயைப் போட்டவர்களுக்கு எப்படி நன்றி சொல்வது என்றே தெரியவில்லை. சொக்விபோவில் பிறந்து பத்திரிகையாளராக இருந்த சோ மியோங்சுக், ஸ்பெயினின் சாந்தியாகோ யாத்திரைப் பாதையை நடந்துவிட்டு வந்து, தன் தீவிலும் அப்படி ஒன்று வேண்டுமென்று 2007 செப்டம்பரில் முதல் பிரிவைத் திறந்தார். ஏழாம் பிரிவில் சுபோங் பாதை என்று ஒரு துண்டு உண்டு. அதே ஆண்டு டிசம்பரில் கிம் சுபோங் என்பவர், ஆடுகள் மட்டும் போய்வந்த சரிவில் மண்வெட்டியும் பிக்காசுமாக வெட்டிய படிகள் அவை. அம்மா காட்டன் புடவையும் ஸ்போர்ட்ஸ் ஷூவுமாக அதில் ஏறி இறங்கினார். முழங்கால் வலிக்காரர் அவர். படி ஒவ்வொன்றும் அளவாக இருக்கிறது, வெட்டியவர் நிதானமாக வெட்டியிருக்கிறார் என்றார். பாதை பல இடங்களில் தனியார் நிலத்துக்குள் போகிறது. தன் தோட்டத்துக்குள் முன்பின் தெரியாதவர்கள் நடந்து போகச் சரியென்று சொன்ன ஒவ்வொரு விவசாயிக்கும் நன்றி. ஆரஞ்சு மரங்கள் பூத்திருந்த நேரத்தில் அதற்குள் நடப்பது கொடுத்துவைத்த சமாசாரம்.

அம்மாவுக்கு வழி சொன்னதெல்லாம் நீலமும் ஆரஞ்சுமாக மரத்திலும் கம்பத்திலும் கட்டிய ரிப்பன்கள்தான். மொழி தெரியாத ஊரில் தனியாக விடுகிறோமே என்று எனக்கு வயிற்றைக் கலக்கியது. ஒரு நாள் நடைத்துணைக்கு வந்த தன்னார்வலர், "ரிப்பன் கண்ணில் படவில்லையா, கடைசியாகப் பார்த்த ரிப்பனுக்குத் திரும்பிவிடுங்கள்" என்று சைகையிலேயே சொல்லிக்கொடுத்தார். அதன்பிறகு அம்மா எங்களைக் கூப்பிடவே இல்லை. வழியில் ஒரு பெண்கள் குழு வெள்ளரிக்காயைச் சீவித் தந்ததாம், இவர் பதிலுக்குக் கடலை மிட்டாய் கொடுத்தாராம். 201, 202 பஸ் ஓட்டுநர்களுக்கும் நன்றி. ஊர்ப் பெயர் எழுதிய தாளைக் காட்டினால் போதும், முன் இருக்கையில் உட்காரச் சொல்லி, நிறுத்தம் வந்ததும் திரும்பிப் பார்த்துக் கூப்பிட்டிருக்கிறார்கள்.

ஹாடோ கரையில் திடீர் மழை. நீரில் மூழ்கிச் சங்கும் நத்தையும் எடுக்கும் ஹேன்யோ பெண்கள், யுனெஸ்கோ 2016இல் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்த கலைக்குச் சொந்தக்காரர்கள், அப்போதுதான் கரையேறியிருந்தார்கள். பெரும்பாலும் அம்மாவைவிட மூத்தவர்கள். நனைந்த புடவையைப் பார்த்ததும் தங்கள் ஓய்வறைக்குள் இழுத்து உட்கார வைத்து, வெந்நீர் கொடுத்தார்கள். நாங்கள் போய்ச் சேர்ந்தபோது இரண்டு மொழியில் இரண்டு தரப்பும் மருமகளைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்ததாகத் தோன்றியது. உறுதியாகச் சொல்ல முடியாது.

எல்லாமே சொர்க்கம் என்று நினைத்துவிடாதீர்கள். நீலக்கோட்டின் மேலேயே கார்களை நிறுத்தி வைத்திருப்பார்கள். தீவைச் சுற்றும் பெரிய சாலையான 1132ஐ ஒட்டிப் போகும் இடங்களில் லாரிச் சத்தம்தான் துணை. ஹ்வாசுனிலிருந்து ஜுங்முன் வரை ஏற்றம். கிம்னியோங் பக்கம் எதிர்காற்று. அங்கே காற்றாலைகளைச் சும்மாவா நட்டு வைத்திருக்கிறார்கள்? கணவர் அங்கே இறங்கித் தள்ளினார். நானும்தான்.

நாங்கள் இருக்கும் சுவோன் நகரத்தில் எங்கள் கறிவேப்பிலைச் செடிக்குத் தண்ணீர் ஊற்றிய தம்பிக்கும், ஆய்வகத்தில் என் வேலையைச் சேர்த்துப் பார்த்த தோழிக்கும் பூண்டு ஊறுகாய் தயாராகிறது. எந்தப் பூண்டு என்று கேட்க வேண்டாம்.

சைக்கிள் பைகளைத் துவைத்து வைத்திருக்கிறேன், பம்ப்பும் இருக்கிறது. இலையுதிர் காலத்தில் போக நினைப்பவர்கள் சொல்லுங்கள், வந்து எடுத்துக்கொள்ளலாம். அம்மாவின் சீட்டையும் தருகிறேன், இட்லிப் பொடி மட்டும் உங்கள் பொறுப்பு.

நன்றியுடன்,
சுவோனிலிருந்து மூவரும்