குடலைச் சுத்தம் செய்யும் தாளைத் தமிழில் கொடுங்கள்

மருத்துவமனைக் கண்காணிப்பாளர்களுக்கும் குடல் இரைப்பை மருத்துவப் பிரிவுகளின் தலைவர்களுக்கும் ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய ஐயா, அம்மா,

வணக்கம். சென்ற மாதம் ஒரு மருத்துவமனையின் எண்டோஸ்கோபி அறை வாசலில் நடந்தது உங்கள் காதுக்கும் வந்திருக்கும். மலத்தில் ரத்தம் போகிறது என்று வந்த வயதான அம்மாவுக்குக் கொலோனோஸ்கோபிக்கு, அதாவது ஆசனவாய் வழியாகக் குழாய் செலுத்திப் பெருங்குடலைப் பார்க்கும் பரிசோதனைக்கு, தேதி கொடுத்து, ஆங்கிலத்தில் அச்சடித்த ஒரு தாளையும் கையில் கொடுத்தார்கள். பக்கத்து வீட்டுப் பையன் படித்துப் பார்த்து, 'முந்தின நாள் திரவ உணவு மட்டும்' என்று சொல்லியிருக்கிறான். அந்த அம்மா சோற்றைத் தொடவில்லை. காலையில் கம்மங்கூழ், மதியம் மோர், இரவு கேழ்வரகுக் கஞ்சி. மறுநாள் குழாயைச் செலுத்திய மருத்துவர் பாதியிலேயே நிறுத்திவிட்டார். குடல் சுத்தமாகவில்லை என்று எழுதி, அடுத்த தேதியை ஆறு வாரம் தள்ளிப் போட்டார்கள். 'சொன்னதைக் கேட்டால்தானே' என்று வாசலில் ஏச்சும் விழுந்தது.

அவர் சொன்னதைக் கேட்டுத்தான் வந்திருந்தார். கூழும் மோரும் கஞ்சியும் திரவம்தான்.

செரிமான மண்டல நோயாளிகளோடு வேலை செய்யும் செவிலியர்கள், மருந்தாளுநர்கள், மருத்துவ மொழிபெயர்ப்பாளர்கள் சேர்ந்து இதை எழுதுகிறோம். எங்கள் கோரிக்கை ஒன்றுதான். கொலோனோஸ்கோபிக்குக் குடலைத் தயார் செய்யும் முறையையும், வீட்டுக்கு அனுப்பும்போது கொடுக்கும் எச்சரிக்கைகளையும், நோயாளி தானே படித்துப் புரிந்துகொள்ளும் தமிழில் அச்சிட்டுக் கொடுங்கள்.

சில இடங்களில் தமிழ்த் தாள் இருக்கிறது. அதில் 'தெளிவான திரவங்கள்' என்றும் 'குறைந்த எச்ச உணவு' என்றும் இருக்கிறது. கணினி பெயர்த்துக் கொடுத்ததை யாரும் ஒரு தடவை வாய்விட்டுப் படித்துப் பார்க்கவில்லை என்பது தெரிகிறது. 'தெளிவான திரவம்' என்றால் என்ன குடிப்பது? கண்ணாடி டம்ளரில் ஊற்றினால் மறுபக்கம் தெரிய வேண்டும் என்று எழுதினால் எல்லாருக்கும் புரியும். வழுக்கை இல்லாத இளநீர், பால் சேர்க்காத டீ, வடிகட்டிய எலுமிச்சைச் சாறு, உப்பு சர்க்கரைத் தண்ணீர் குடிக்கலாம். பால், மோர், கூழ், கஞ்சி கூடாது. பீட்ரூட் சாறு, கறுப்புத் திராட்சைச் சாறு, சிவப்புச் சாயம் கலந்த குளிர்பானம் எதுவும் கூடாது. குடல் சுவரில் அந்தச் சிவப்பு ரத்தம் மாதிரித் தெரியும். இதற்கு ஆறு வரி போதும்.

உணவுப் பட்டியலையும் பாருங்கள். ஆங்கிலத் தாளில் ஓட்ஸ், மக்காச்சோளம், முழுக் கோதுமை ரொட்டி, ஜெல்லி, ஆப்பிள் சாறு. வேறு நாட்டு மருத்துவமனைத் தாளை அப்படியே எடுத்துக்கொண்டால் இப்படித்தான் வரும். கம்பும் கேழ்வரகும் சாப்பிடுகிறவர் அந்தப் பட்டியலில் தன் சாப்பாட்டை எங்கே தேடுவார்? இரண்டு மூன்று நாள் முன்பிருந்தே கீரை, முருங்கைக்காய், வாழைத்தண்டு, சுண்டல், முழுப்பயறு, கொய்யா, மாதுளை, எள், சிறுதானியம் வேண்டாம் என்று எழுத வேண்டும். கத்தரிக்காய், தக்காளி விதையையும் தாளிக்கிற கடுகையும்கூடச் சேர்க்க வேண்டும். இவை செரிக்காமல் பெருங்குடலிலேயே தங்கும். கொலோனோஸ்கோப்பில் நீரை உறிஞ்சும் பாதை சுமார் 4 மில்லிமீட்டர்தான். நாலு விதை சேர்ந்தால் அடைத்துக்கொள்ளும். அப்புறம் மருத்துவர் குடலைப் பார்ப்பதா, அடைப்பை எடுப்பதா? குழைய வடித்த வெள்ளைச் சோறு, இட்லி, இடியாப்பம், முட்டை, வேகவைத்த மீன், தோல் சீவிய உருளைக்கிழங்கு ஆகியவற்றை அந்த நாட்களில் சாப்பிடலாம். பரிசோதனைக்கு முந்தின நாள் அதுவும் இல்லை என்பதைத் தனி வரியாக, பெரிய எழுத்தில் போட வேண்டும்.

அடுத்தது மருந்துப் பொடி. பரவலாகக் கொடுக்கப்படும் பாலிஎத்திலீன் கிளைகால் பொட்டலம் ஒன்றை 2 லிட்டர் தண்ணீரில் கரைக்க வேண்டும். தாளில் இருப்பது ஆங்கிலத்தில் '2 எல்'. அது புரியாமல் ஒரு சொம்புத் தண்ணீரில் கலக்கி மடமடவென்று குடித்து, வாந்தி எடுத்து, அதோடு விட்டுவிடுகிறவர்கள் உண்டு. ஒரு லிட்டர் குடித்ததும் நாலு தடவை போய்விட்டது, இனி எதற்கு என்று மீதியைக் கொட்டுகிறவர்களும் உண்டு. அந்த மருந்து தண்ணீரை உடம்புக்குள் போகவிடாமல் குடலிலேயே நிறுத்திக் கழுவி வெளியேற்றுகிறது. தண்ணீர் குறைந்தால் கழுவலும் குறையும். எத்தனை தடவை போயிற்று என்று எண்ணிப் பயனில்லை. கடைசியில் கட்டியோ துகளோ இல்லாமல் இளமஞ்சள் தண்ணீராகப் போக வேண்டும். அதுதான் அடையாளம் என்பதைத் தாளில் எழுத வேண்டும்.

இதில் எங்களை மிகவும் வருத்துவது இரண்டாவது லிட்டர். காலை 10 மணிக்குப் பரிசோதனை என்றால், முதல் லிட்டரை முந்தின நாள் மாலை 6 மணிக்கும் இரண்டாவதை விடிகாலை 5 மணிக்கும் தொடங்க வேண்டும். 200 மில்லி டம்ளரில் கால் மணிக்கு ஒன்றாக ஐந்து டம்ளர். 6.15க்கு முடியும். முழுவதையும் முந்தின இரவே குடித்துவிட்டால் ராத்திரியில் சிறுகுடலிலிருந்து இறங்கும் பித்தநீரும் சளியும் பெருங்குடலின் வலப்பக்கத்தில் படிந்துவிடும். சின்னக் கட்டிகள் அதற்கடியில் மறைந்துபோகும். அதனால் பிரித்துக் குடிப்பது சரியான முறைதான், அதில் எங்களுக்கு மறுப்பில்லை. ஆனால் கடைசி டம்ளருக்குப் பிறகும் ஒரு மணி, இரண்டு மணி நேரம் வயிற்றால் போய்க்கொண்டே இருக்கும். மூன்று மணி நேரப் பேருந்துப் பயணத்தில் வருகிற பெண் அந்த நேரத்தில் எங்கே போவார்? பேருந்து நடுவழியில் நிற்காது. நின்றாலும் ஒதுங்க இடம் கிடையாது. அவர் என்ன செய்கிறார் என்றால், இரண்டாவது லிட்டரைக் குடிக்காமலே வருகிறார். குடித்தேன் என்று செவிலியரிடம் சொல்லிவிடுகிறார். உள்ளே போனதும் தெரிந்துவிடுகிறது. அப்புறம் மறுபடியும் பத்தியம், மறுபடியும் பொடி, ஒரு நாள் கூலி, இரண்டு பேருக்குப் பேருந்துக் கட்டணம்.

தொலைவிலிருந்து வருகிறவருக்குப் பிற்பகல் 2 மணிக்கு நேரம் கொடுங்கள். அல்லது முந்தின இரவே உள்நோயாளியாகச் சேர்த்துக்கொள்ளுங்கள். தேதி கொடுக்கும் மேசையில் 'எந்த ஊர், எத்தனை மணி நேரப் பயணம்' என்று ஒரு கேள்வி கேட்டால் போதும்.

குடல் எவ்வளவு சுத்தமாக இருந்தது என்று காட்டும் பாஸ்டன் மதிப்பெண்ணை ரிப்போர்ட்டில் தவறாமல் எழுதுகிறீர்கள். பெருங்குடலின் மூன்று பகுதிக்கும் தனித்தனியே 0 முதல் 3 வரை, ஒவ்வொன்றிலும் குறைந்தது 2 வேண்டும். நல்ல முறை. எண் குறைந்தால் அது நோயாளியின் குற்றமாகிவிடுகிறது. அவருக்குக் கொடுத்த தாள் எந்த மொழியில் இருந்தது என்பதை மட்டும் எந்த ரிப்போர்ட்டும் சொல்வதில்லை.

மாத்திரைகள் பற்றியும் சொல்ல வேண்டும். ரத்தம் போகிறவருக்கு ரத்தசோகை இருக்கும். அதனால் இரும்புச்சத்து மாத்திரை ஏற்கெனவே எழுதியிருப்பார்கள். அது மலத்தைக் கறுப்பாக்கிச் சுவரில் ஒட்டவைக்கும். ஒரு வாரம் முன்பே நிறுத்த வேண்டும். ஆனால் நோயாளிக்கு அதன் பெயர் 'சத்து மாத்திரை'. தாளில் 'அயர்ன்' என்று மட்டும் இருந்தால் அவர் நிறுத்தமாட்டார். ரத்தம் உறையாமலிருக்க எடுக்கும் மாத்திரையை அவரே நிறுத்திவிட்டால் அதைவிட ஆபத்து. சர்க்கரை மாத்திரையும் இன்சுலினும் பட்டினி நாளில் வழக்கம்போல் எடுத்தால் சர்க்கரை இறங்கி மயக்கம் வரும். எதை நிறுத்துவது, எதைக் குறைப்பது, எதைத் தொடர்வது என்று ஒவ்வொரு மாத்திரைக்கும் எதிரே மருத்துவர் கையால் எழுதுவதற்குக் கட்டம் போட்டு இடம் விடுங்கள்.

சொற்களைப் பற்றிப் பேச ஆரம்பித்துவிட்டதால் மற்றதையும் சொல்லிவிடுகிறோம். இரைப்பை அமிலத்தைக் குறைக்கும் பான்டோபிரசோலை மருந்துக் கவுண்ட்டரில் 'கேஸ் மாத்திரை' என்று கொடுக்கிறார்கள். சாப்பாட்டுக்கு அரை மணி முன்பு போட்டால்தான் அது முழுப் பலன் தரும். சாப்பிடும்போதுதான் இரைப்பையின் அமிலச் சுரப்பு முடுக்கிவிடப்படுகிறது, அந்த நேரத்தில் மருந்து ரத்தத்தில் இருக்க வேண்டும். கேஸ் மாத்திரைதானே என்று சாப்பிட்ட பிறகு மற்றவற்றோடு சேர்த்துப் போடுகிறார்கள், உப்புசம் குறைந்ததும் நிறுத்துகிறார்கள். இரைப்பையில் புண் உண்டாக்கும் ஹெலிகோபாக்டர் கிருமிக்கு 14 நாள் மருந்து எழுதியிருந்தாலும் இதே கதைதான். பாதியில் நின்றால் கிருமி சாகாது. அடுத்த முறை அதே ஆன்டிபயாட்டிக் கேட்காமலும் போகலாம்.

நெஞ்சுக்குழியில் அழுத்தம் என்று வருகிறவரிடம் 'கேஸ்தான்' என்று சொல்லிப் பழக்கியதில் மாரடைப்பையும் கேஸ் என்று நினைத்து வீட்டிலேயே சோடா குடித்துக் காத்திருக்கிறார்கள். ஆசனவாயில் ரத்தம் வந்தால் எல்லாம் 'மூலம்'; மலக்குடல் புற்றுநோய்க்கும் அதே ரத்தம்தான் வரும், விளம்பரத் தட்டி பார்த்துப் போன இடத்தில் விரல் விட்டுப் பார்க்கக்கூட ஆள் இருக்காது. கண் மஞ்சளானால் 'காமாலை'. கீழாநெல்லி அரைத்துக் குடித்துப் பல வாரம் போக்கிய பிறகு பார்த்தால் பித்தநாளத்தில் கல்லோ கணையத்தில் கட்டியோ அடைத்திருக்கும். மலம் வெளுத்து, உடம்பெல்லாம் அரிப்பும் இருந்தால் அடைப்பாக இருக்கலாம், உடனே ஸ்கேன் பார்க்க வேண்டும் என்று ஒரு சுவரொட்டி வெளிநோயாளிப் பிரிவில் ஒட்ட எவ்வளவு செலவாகிவிடும்? இந்தக் குழப்பத்தை மக்கள் தாமாக உண்டாக்கவில்லை. சொல்லிக்கொடுக்க வேண்டிய நாம் எல்லாரும் சேர்ந்து உண்டாக்கினோம்.

கல்லீரல் சுருங்கி, உணவுக்குழாயில் புடைத்த ரத்தக்குழாய்களுக்கு ரப்பர் வளையம் போட்டு அனுப்பும்போது 'மெலீனா வந்தால் உடனே வரவும்' என்று எழுதுகிறீர்கள். வளையம் விழுந்த இடம் புண்ணாகிச் சில நாள் கழித்து ரத்தம் கசியலாம் என்பது உங்களுக்குத் தெரியும். வீட்டில் பார்த்துக்கொள்கிற மனைவிக்கு மெலீனா என்றால் என்னவென்று தெரியாது. தார் போலக் கறுத்து, பளபளத்து, ஒட்டிக்கொண்டு, குடலைப் புரட்டும் நாற்றத்தோடு போகிற மலம் என்று எழுதினால் ராத்திரி இரண்டு மணிக்கும் 108க்குக் கூப்பிடுவார். ஓர் உயிர் அந்த ஒரு வரியில் இருக்கிறது. அதைத் தமிழில் எழுத இன்னும் எத்தனை ஆண்டு காத்திருப்பது?

தமிழில் சரியான சொல் இல்லை என்று தயவுசெய்து சொல்லாதீர்கள். 1847இல் யாழ்ப்பாணம் வந்த அமெரிக்க மருத்துவர் சாமுவேல் பிஸ்க் கிறீன் மானிப்பாயில் தமிழிலேயே மருத்துவம் கற்பித்தார், தமிழில் மருத்துவ நூல்களை ஆக்கினார். நோயாளிகளிடமே சொல் நிறைய இருக்கிறது: எதுக்களிப்பு, புளித்த ஏப்பம், பொருமல், வயிற்றுக் கடுப்பு, சீதபேதி, புழுக்கை புழுக்கையாகப் போகிறது, சுருட்டிப் பிடிக்கிறது. ஒவ்வொன்றும் ஒரு தனி அறிகுறி. உறுப்புப் பெயர்களில் மட்டும் கொஞ்சம் ஒழுங்கு வேண்டும். இரைப்பையை ஒரு பத்தியில் 'வயிறு' என்றும் அடுத்ததில் 'இரைப்பை' என்றும் எழுதினால் வலி எங்கே என்று கேட்கும்போது குழப்பம் வரும். இலங்கையிலிருந்து வந்து இங்கே சிகிச்சை பெறுகிறவர்கள் கணையத்தைச் சதையி என்றுதான் படித்திருக்கிறார்கள். இரண்டு சொல்லையும் சேர்த்துப் போடலாம். கொலோனோஸ்கோபி, எண்டோஸ்கோபி, ஸ்கேன் ஆகியவற்றை அப்படியே தமிழ் எழுத்தில் எழுதுங்கள், யாருக்கும் சிரமமில்லை.

உங்கள் பிரிவுகளில் ஆள் போதாது, ஒரு நாளில் எத்தனை பேருக்குக் குழாய் போடுகிறீர்கள் என்பதைக் கூடவே நின்று பார்க்கிறவர்கள் நாங்கள். அதனால்தான் வெறும் கோரிக்கையோடு நிற்காமல் வரைவையும் எழுதியிருக்கிறோம். முன்பக்கம் உணவும் மாத்திரையும். பின்பக்கம் பொடி கரைக்கும் முறை, மணிக்கணக்கு, கூப்பிட வேண்டிய எண்ணுக்கு இடம். ஒரே தாள், 14 புள்ளி எழுத்து. படிக்கத் தெரியாதவருக்காக ஐந்து டம்ளர் படமும் கடிகாரப் படமும் உண்டு. தயவுசெய்து உங்கள் மருத்துவர் ஒருவர் அதைப் படித்து, மருந்தளவையும் நேரத்தையும் சரிபார்த்துத் திருத்தித் தரட்டும். அச்சுக்கு அனுப்பும் முன் எழுத்துக்கூட்டிப் படிக்கிற இரண்டு நோயாளிகளிடம் கொடுத்து, 'நாளைக்கு என்ன குடிப்பீர்கள், எத்தனை மணிக்கு?' என்று கேட்டுப் பாருங்கள். சரியாகச் சொல்லாத இடத்தை மாற்றி எழுதித் தருகிறோம்.

அந்த அம்மாவுக்குக் கொடுத்த அடுத்த தேதிக்கு இன்னும் இரண்டு வாரம் இருக்கிறது. அதற்குள் அவர் கையில் தமிழ்த் தாள் கிடைக்கும்படி செய்யுமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
செரிமான மண்டல நோய்ப் பிரிவுகளில் பணியாற்றும் செவிலியர்கள், மருந்தாளுநர்கள், மருத்துவ மொழிபெயர்ப்பாளர்கள்