8-ம் நம்பர் பையனைப் பற்றி

பெரம்பூர்
மார்கழி 9, இரவு

அன்புள்ள பாப்பாவுக்கு,

அப்பா எழுதுவது. இங்கே நலம். அம்மாவுக்கு முழங்கால் வலி மட்டும் இந்தப் பனிக்குக் கொஞ்சம் கூடுதல். போனில் பேசினால் பாதியில் உனக்கு மீட்டிங் வந்துவிடுகிறது, எனக்கும் சொல்ல வந்தது மறந்துவிடுகிறது. அதனால்தான் பேனாவை எடுத்தேன். கீழ்வீட்டுப் பையன் போட்டோ எடுத்து அனுப்புவதாகச் சொல்லியிருக்கிறான். கையெழுத்து புரியாவிட்டால் கேள்.

நீ ஸ்கவுட்டாக, அதாவது நல்ல பையன்களைத் தேடி ரிப்போர்ட் எழுதுகிறவளாக, பார்க்கிற ஐஸ் ஹாக்கி மேட்ச்களில் நீ அனுப்பிய மூன்றையும் பார்த்துவிட்டேன். அவன்தான் டிவியில் போட்டுக் கொடுத்தான். முதல் தடவை, பந்துக்குப் பதிலாக வைத்து ஆடுகிற அந்த ரப்பர் வில்லையே என் கண்ணுக்குச் சிக்கவில்லை. பத்து பேர் ஓடுகிறார்கள், எதைத் துரத்துகிறார்கள் என்று தெரியவில்லை. "கரப்பான்பூச்சியை அடிக்கிற மாதிரி இருக்கு" என்றாள் அம்மா. இரண்டாவது தடவை வில்லையைத் தேடுவதையே விட்டுவிட்டுப் பையன்களை மட்டும் பார்த்தேன். அப்புறம்தான் ஆட்டம் பிடிபட்டது.

ஐஸ் என்றால் எனக்குக் காசிமேட்டில் பார் பாராக உடைத்துப் படகில் கொட்டுவார்களே, அதுதான். அதன்மேல் கத்தியைக் காலில் கட்டிக்கொண்டு ஓடுவதெல்லாம் எனக்குச் சொல்லித் தெரிய வேண்டிய விஷயம். நம் ஹாக்கி மைதானத்தில் மூன்றில் ஒரு பங்குகூட இல்லாத இடம் அது. நம் பந்தைவிடக் கொஞ்சம்தான் கனமான வில்லை, 170 கிராம். ஆனால் கோலுக்குப் பின்னாலும் இடம் விட்டு, அங்கேயும் ஆடுகிறார்கள் பார், அது எனக்கு ரொம்பப் பிடித்துவிட்டது. நம் ஆட்டத்தில் எல்லைக்கோட்டைத் தாண்டினால் கதை முடிந்தது. அங்கே பலகைச் சுவரில் பட்டுத் திரும்பி வருகிறது. சுவரும் ஒரு ஆட்டக்காரன் மாதிரிதான். அப்புறம் மட்டையின் இரண்டு பக்கமும் அடிக்கலாம், இடக்கைக்காரனுக்கு என்று தனி மட்டையே உண்டு என்று நீ சொன்னபோது கொஞ்சம் பொறாமையாகவே இருந்தது. நம் கேம்ப்பில் எத்தனை இடக்கைப் பையன்களை வலக்கைப் பிடிக்கு மாற்றியிருப்பேன்! அம்மாவுக்குப் பிடித்தது, தப்பு செய்தவனை 2 நிமிஷம் பெட்டியில் உட்கார வைக்கிறார்களே, அதுதான். உன் தம்பிக்கு அப்போதே ஒன்று செய்து வைத்திருக்கலாமாம்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். உன் ரிப்போர்ட்டை நீ போனில் வாசித்துக் காட்டினாய் அல்லவா, அதில் 17-ம் நம்பரைத் தலைக்கு மேல் தூக்கி வைத்திருந்தாய். மூன்று கோல் போட்டவன். நான் தினசரி காலண்டரில் கிழித்த தாள்களின் பின்பக்கத்தில் கோடு போட்டுக்கொண்டே பார்த்தேன், பழைய பழக்கம். அந்த மூன்றில் ஒன்று, கோல்கீப்பர் காலில் பட்டுத் தெறித்து இவன் மட்டைக்கே வந்து விழுந்தது. இன்னொன்று, கடைசி நிமிஷத்தில் எதிரணி கோல்கீப்பரை வெளியே இழுத்து அவனுக்குப் பதில் இன்னொரு ஆட்டக்காரனை இறக்கிய பிறகு காலி வலையில் தள்ளியது. மூன்றாவது நல்ல கோல், அதை நான் மறுக்கவில்லை. கை நல்ல கை. ஆனால் காலைப் பார்த்தாயா? ஒருமுறை இறங்கினால் சுமார் 45 நொடிதான் ஆடுகிறார்கள் என்றாய். முதல் 30 நொடி முட்டியை மடக்கி அழகாகப் போகிறான். அதற்குப் பிறகு முட்டி நிமிர்ந்துவிடுகிறது, உடம்பு தூக்கிக்கொள்கிறது, சும்மா சறுக்கிக்கொண்டு நிற்கிறான். வில்லையை இழந்தால் உடனே நின்று திரும்புவதில்லை. பெரிய வட்டமாக ஒரு சுற்று சுற்றி, பெரம்பூரிலிருந்து வியாசர்பாடிக்குப் போக மூலக்கடையைச் சுற்றுகிற மாதிரி வருகிறான். அதற்குள் எதிரி கோல் பக்கம் போய்விடுகிறான். இப்படி 9 தடவை, கோடு போட்டு வைத்திருக்கிறேன்.

இப்போது உன் 8-ம் நம்பர். பின்வரிசைப் பையன். கோல் இல்லை, ஒரே ஒரு அசிஸ்ட், கோலுக்குக் கொடுத்த பாஸ். அவனைப் பற்றி இரண்டு வரிதான் எழுதியிருந்தாய்.

அந்த மேட்ச்சில் எதிரணி வில்லையை மூலைக்குத் தள்ளிவிட்டுத் துரத்தியபோது 8-ம் நம்பர் 14 தடவை அதை எடுக்கப் போனான். பின்வரிசைக்காரனுக்கு இதைவிடக் கெட்ட வேலை கிடையாது. முகம் சுவரைப் பார்த்திருக்கும், முதுகுக்குப் பின்னால் ஒரு தடியன் இடிக்க வருவான். அந்த 14-ல் 11 தடவை, வில்லையைத் தொடுவதற்கு முன்பே இவன் தோளுக்கு மேல் திரும்பிப் பார்த்தான். ஆறு தடவை இரண்டு பக்கமும் பார்த்தான். கழுத்தை மட்டும் திருப்புகிறான், கால் நிற்கவே இல்லை. வில்லை கைக்கு வரும்போது எங்கே தள்ள வேண்டும் என்று முடிவு செய்துவிட்டிருக்கிறான். பார்க்காமல் போன மூன்றில் இரண்டில் இடி வாங்கினான், வில்லையும் போயிற்று. அதில் ஒன்றில் அவனைவிட ஒரு தலை உயரமானவன் சுவரோடு வைத்து நசுக்கினான். அம்மா "ஐயோ" என்று எழுந்தே விட்டாள். அடுத்த தடவை அதே மூலை, அதே தடியன். இவன் ஓடிப்போய் ஒரு கணம் தயங்கினான். தயங்கினானா, தயங்குகிற மாதிரி காட்டினானா என்று கேட்டால், காட்டினான் என்றுதான் சொல்வேன். தடியன் வேகத்தை அடக்க முடியாமல் தாண்டிப் போய்ச் சுவரில் மோதினான். இவன் நிதானமாக எடுத்துக் கொடுத்துவிட்டுப் போனான். இந்த இடத்தை நான் நான்கு முறை போட்டுப் பார்த்தேன். கீழ்வீட்டுப் பையன் சலித்துப்போய் ரிமோட்டை என்னிடமே கொடுத்துவிட்டான்.

ஒரு கோலுக்கு இரண்டு பாஸ் வரைக்கும்தான் அங்கே கணக்கு எழுதுவார்கள் என்று நீதான் சொல்லியிருக்கிறாய். உன் அணி போட்ட கோல்களில் இரண்டு, இவன் மூலையிலிருந்து எடுத்த வில்லையில் ஆரம்பித்தவை. மூன்றாவது பாஸ், நான்காவது பாஸ். காகிதத்தில் இவன் பேர் வரவே வராது. எதிரிகள் ஓட்டமாக வரும்போது இவன் கோல் வரைக்கும் பின்வாங்குவதும் இல்லை. மட்டை நீளத்துக்கு ஒரு இடைவெளி விட்டு, தன் பக்கம் ஆரம்பிக்கிற நீலக்கோட்டுக்கிட்டேயே மறித்து, ஓரத்துக்குத் தள்ளிக்கொண்டு போகிறான். நம் ஊரில் ஒரு நல்ல ஹாஃப் பேக் செய்கிற வேலை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். நீ வீடியோவை வைத்து எழுதுகிறாய். கேமரா வில்லைக்குப் பின்னாலேயே ஓடுகிறது. வில்லை இல்லாத பையன் என்ன செய்கிறான் என்று அதில் தெரியவே தெரியாது. 2023-ல் எழும்பூர் ஸ்டேடியத்தில் ஆசிய சாம்பியன்ஸ் டிராபி ஹாக்கி ஃபைனலை நேரில் போய்ப் பார்த்தேன், ஞாபகம் இருக்கிறதா? பாதி ஆட்டத்தில் 1-3 என்று பின்தங்கி, மலேசியாவை 4-3 என்று ஜெயித்தோமே. மறுநாள் வீட்டில் அதையே டிவியில் பார்த்தபோது வேறு ஏதோ மேட்ச் மாதிரி இருந்தது. கேலரியிலிருந்து நான் பார்த்த ஓட்டங்களில் பாதி அதில் இல்லை. அதனால் மைதானத்துக்குப் போ. கண்ணாடிக்குப் பக்கத்தில் உட்காராதே, வேகம்தான் தெரியும். மேலே ஒரு மூலையில் உட்கார். அப்பாமார்கள் கூட்டத்தில் மட்டும் போய் மாட்டிக்கொள்ளாதே. நான் ஆள் தேர்ந்தெடுத்த காலத்தில், டிரையல்ஸ் அன்றைக்குக் காலையில் பையன்களின் அப்பாமாரிடமிருந்து எனக்கு ஸ்வீட் பாக்ஸ் வரும். பிரிக்காமல் பையன்களுக்கே கொடுத்துவிடுவேன், ஆனாலும் யார் கொடுத்தது என்பது மனசில் உட்கார்ந்துகொள்ளும், பாப்பா. காபி வாங்கிக் கொடுத்தால்கூட அப்படித்தான்.

பிறந்த தேதி விஷயத்தை நீயே எனக்குச் சொல்லிக் கொடுத்தாய். ரோஜர் பார்ன்ஸ்லி என்ற கனடாக்காரர் 1985-லேயே கணக்கெடுத்துச் சொல்லியிருக்கிறார், ஜூனியர் அணிகளில் ஜனவரி, பிப்ரவரி, மார்ச்சில் பிறந்த பையன்கள்தான் நிறைந்து கிடக்கிறார்கள் என்று. வயது வரம்பை ஜனவரி 1-லிருந்து கணக்கிடுவதால் வருகிற கோளாறு. 15 வயதில் பத்து மாதம் என்பது உயரத்திலும் எடையிலும் நன்றாகவே தெரியும். கேட்டபோது எனக்குச் சிரிப்பு வந்தது. நம் பக்கம் என் வயசுக்காரர்களில் பாதிப் பேருக்குப் பள்ளிக்கூடத்தில் தலைமையாசிரியர் வைத்த பிறந்தநாள்தான். எனக்கும் ஜூன் 1. உண்மையில் ஐப்பசி மழையில் பிறந்தேன் என்று உன் ஆயா சொல்லும். ஆனால் அங்கே சர்டிபிகேட் பொய் சொல்லாது. 8-ம் நம்பர் எந்த மாதம் பிறந்தவன் என்று பார்த்தாயா? 17-ம் நம்பர்? ரிப்போர்ட்டில் இல்லை, அதனால் கேட்கிறேன்.

பாவெல் தத்ஸ்யுக் என்ற ரஷ்ய ஆட்டக்காரன் கதையையும் நீதான் சொன்னாய். டெட்ராய்ட் அணியின் ஸ்கவுட் ஹோகன் ஆண்டர்சன் ரஷ்யாவுக்கு வேறு ஒரு பையனைப் பார்க்கப் போன இடத்தில், இந்தச் சின்ன உடம்புக்காரன் கண்ணில் பட்டான். அதற்கு முன், பெரிய அணிகள் வருஷா வருஷம் புதுப் பையன்களை வரிசையாக எடுக்கிற தேர்வுகளில் அவனை ஒருத்தரும் கேட்கவில்லை. 1998-ல் 171-வது ஆளாக எடுத்தார்கள். அடுத்த வருஷம் ஸெட்டர்பெர்க் என்ற ஸ்வீடன்காரன், 210-வது. 2008-ல் ஸ்டான்லி கோப்பை வாங்கிய டெட்ராய்ட் அணியில் இரண்டு பேரும் இருந்தார்கள். நல்ல கதைதான். 8-ம் நம்பர் இன்னொரு தத்ஸ்யுக் என்று நான் சொல்ல வரவில்லை. அப்படி நினைத்துக்கொண்டு போனால் அதுவும் ஒரு குருட்டுத்தனம். எனக்குத் தெரிந்த கதை வேறு. அதில் கோப்பை எதுவும் கிடையாது.

உனக்கு ஆறு வயது இருக்கும் அப்போது. சப்-ஜூனியர் அணிக்கு 18 பேரைத் தேர்ந்தெடுக்கிற வேலை என் தலையில் விழுந்தது. ஷிஃப்ட் முடித்துவிட்டு நேராக கிரவுண்டுக்குப் போவேன், சட்டையெல்லாம் வெல்டிங் வாசனை. புளியந்தோப்பிலிருந்து ஒரு பையன் வருவான். செருப்பில்லாமல் ஓடி வருவான், மட்டை இரண்டாக உடைந்து சைக்கிள் டியூபால் சுற்றியது. அவனும் பின்வரிசைதான். பந்து வருவதற்கு முன்பே திரும்பிப் பார்க்கிற பழக்கம் அவனிடமும் இருந்தது. அப்போதே பார்த்தேன், பார்க்காமல் இல்லை. ஆனால் டிரையல்ஸ் அன்று ஒரு பெரிய பையன் அவனைத் தள்ளிவிட்டு இரண்டு கோல் போட்டான். வெயில் வேறு. லிஸ்ட்டை அன்று சாயங்காலத்துக்குள் கொடுக்க வேண்டும். அவன் பேருக்கு நேராக நோட்டில் எழுதினேன்: "உடம்பு போதாது." மூன்று நாள் டிரையல்ஸில் நான் அவனை உட்கார்ந்து பார்த்தது அந்த ஒரு அரைமணி நேரம்தான்.

அடுத்த வாரமும் அவன் கிரவுண்டுக்கு வந்தான். அதற்கடுத்த வாரம் வரவில்லை. நானும் போய்க் கேட்கவில்லை.

என் டிவிஎஸ் ஃபிஃப்டியை எங்கே ரிப்பேருக்கு விடுகிறேன் தெரியுமா? புளியந்தோப்பு மெயின் ரோட்டிலிருந்து உள்ளே ஒரு சந்தில் கடை. அவன் கடைதான். தலை நரைத்துவிட்டது, நல்ல உடம்பு, என்னைவிட உயரம். 17 வயதுக்குப் பிறகு ஒரேயடியாக வளர்ந்துவிட்டதாக அவனே சொல்வான். காசு வாங்க மாட்டான். "மாஸ்டர், நீங்கதானே எனக்கு ஸ்டிக் பிடிக்கக் கத்துக்கொடுத்தீங்க" என்பான். நோட்டில் என்ன எழுதினேன் என்று அவனுக்குத் தெரியாது. அந்த நோட்டு இன்னும் பரணில் இருக்கிறது. போன வாரம் உன் போன் வந்த பிறகு, அம்மா திட்டத் திட்ட ஏணி போட்டு ஏறி எடுத்தேன்.

8-ம் நம்பரைப் பற்றி நீ எழுதியதில் இரண்டாவது வரி என்ன தெரியுமா? "உடல் அளவு இந்த நிலைக்குப் போதாது." நீ இங்கிலீஷில் எழுதியதைத் தமிழில் வாசித்தாய். என் எழுத்தை நானே கேட்ட மாதிரி இருந்தது.

உன்னைக் குற்றம் சொல்லவில்லை, பாப்பா. பகலெல்லாம் ஆபீஸ் வேலை பார்த்துவிட்டு, பெட்ரோல் காசுக்கு மேலே கொஞ்சம் கிடைக்கிற வேலைக்காக அந்தப் பனியில் ஒன்றரை மணி நேரம் கார் ஓட்டிக்கொண்டு போகிறாய். வருகிற பையன்கள் எத்தனையோ பேர். எல்லோரையும் மூன்று தடவை பார்க்க முடியாது. உடம்பு சின்னது என்பதும் பொய் இல்லை, எழுதத்தான் வேண்டும். ஆனால் அதோடு நிறுத்தினால் உன் மேலே இருக்கிறவர் அந்த வரியை மட்டும் படித்துவிட்டு அடுத்த பேருக்குப் போய்விடுவார். மூலையில் 14 தடவை என்ன நடந்தது என்று அதற்குக் கீழேயே எழுது. இடி வாங்கிய பிறகு அடுத்த தடவை என்ன செய்தான் என்று எழுது. அப்பா அம்மா எவ்வளவு உயரம், போன வருஷம் அவன் எவ்வளவு இருந்தான் என்று கோச்சிடம் கேட்டு எழுது. 17-ம் நம்பரையும் தள்ளிவிடாதே. அவன் முட்டி நிமிர்வது மூச்சு இல்லாததாலா, சோம்பேறித்தனத்தாலா என்று நேரில் பார்த்தால்தான் தெரியும். மூச்சு என்றால் சரி செய்துவிடலாம்.

ரிப்போர்ட் இன்னும் அனுப்பவில்லை என்றுதானே சொன்னாய்? வருகிற சனிக்கிழமை அவர்களுக்கு மறுபடி மேட்ச் இருப்பதாகவும் சொன்னாய். போய்விட்டு வா. கோடு மட்டும் போட்டுக்கொண்டு வா, எத்தனை தடவை மூலைக்குப் போனான், எத்தனை தடவை திரும்பிப் பார்த்தான். ஞாயிற்றுக்கிழமை போன் செய்யும்போது உன் கணக்கைச் சொல், என் தாளோடு சேர்த்துப் பார்க்கலாம்.

அம்மா கருவாடும் இடித்த மிளகாய்த்தூளும் கட்டி வைத்திருக்கிறாள், பக்கத்துத் தெருவில் ஒருத்தர் மகன் டொராண்டோ போகிறானாம், கொடுத்து அனுப்புகிறோம். கருவாட்டை நாலு கவர் போட்டுச் சுற்றியிருக்கிறது. காரில் வைத்துத் திறக்காதே.

அன்புடன்,
அப்பா