கெடு எங்களுக்கு மட்டும்தானா?

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

வீட்டிலிருந்தே எழுதிச் சம்பாதிப்பவர்களுக்கு நேரத்தைக் கையாளத் தெரிவதில்லை என்று போன ஞாயிறு இணைப்பில் ஒரு கட்டுரை வந்திருந்தது. விடியற்காலை 4 மணிக்கு எழுந்திருங்கள், செல்போனை அடுத்த அறையில் வையுங்கள் என்று யோசனைகளும் இருந்தன. பாலக்கோட்டில் 4 மணிக்கு எழுவது பெரிய காரியமில்லை, தக்காளி வண்டிகளே எழுப்பிவிடும். என் சிக்கல் வேறு இடத்தில் இருக்கிறது.

பதினோரு வருடமாக ஆங்கிலத்திலிருந்து தமிழுக்கு மொழிபெயர்ப்பதுதான் என் பிழைப்பு. அவ்வப்போது நிறுவனங்களுக்கு நேரடியாகத் தமிழிலும் எழுதிக் கொடுப்பேன். ஓசூர்த் தொழிற்சாலைகளில் இயந்திரத்துக்குப் பக்கத்தில் 'கையுறை இல்லாமல் தொடாதீர்கள்' என்று ஒட்டியிருப்பார்களே, அந்த மாதிரி வாசகங்களில் சில என்னுடையவை.

ஒரு நாளில் என்னால் உருப்படியாக முடிவது 1,600 ஆங்கிலச் சொற்கள். இதைக் கண்டுபிடிக்கவே நாலு வருடம் ஆனது. ஆரம்பத்தில், ஒரு மணி நேரத்துக்கு 400 சொல் ஓடுகிறதே, எட்டு மணி நேரத்துக்கு 3,200 என்று பெருக்கிப் பார்த்து வேலையை ஒப்புக்கொள்வேன். கலைச்சொல் தேடும் நேரம், திரும்பப் படித்துத் திருத்தும் நேரம் எதுவும் அந்தப் பெருக்கலில் கிடையாது. 'வால்வு' என்று போடுவதா 'அடைப்பிதழ்' என்று போடுவதா எனப் பக்கத்து வீட்டு ஃபிட்டர் அண்ணனிடம் கேட்டு வரும் அரை மணி நேரமும் கிடையாது. (வால்வுதான். வேலை செய்கிறவர் வாயில் வருவதைத்தான் போட வேண்டும்.) இதில் சிலர் தமிழில் எத்தனை சொல் வருகிறதோ அதற்குத்தான் காசு என்பார்கள். ஆங்கிலத்தில் நாலு சொல்லாக இருப்பது தமிழில் 'செய்யாவிட்டால்' என்று ஒரே சொல்லில் முடிந்துவிடும். மொழியின் சிக்கனத்துக்கு நான் அபராதம் கட்ட வேண்டுமா? அதனால் ஆங்கிலச் சொல் கணக்குக்கு மட்டுமே இப்போது வேலை எடுக்கிறேன்.

அடுப்படிச் சுவரில் பால் கணக்கு எழுதும் மாதக் காலண்டர்தான் என் ஆபீஸ். அவர்கள் கேட்ட தேதி நீலத்தில், அதற்கு இரண்டு நாள் முன்னால் என் தேதி சிவப்பில். புது வேலை வந்தால் காலிக் கட்டங்களை எண்ணிப் பார்த்துவிட்டு, "வியாழன்தான் முடியும்" என்கிறேன். பெரும்பாலும் "சரிங்க மேடம்" என்றுதான் பதில் வருகிறது. திங்கள் காலை கட்டாயம் வேண்டும் என்று உயிரை வாங்கியவர், முதல் பக்கத்தில் ஒரு சந்தேகம் என்று புதன்கிழமை சாயங்காலம் கேட்கும்போதுதான் அந்தத் திங்களின் அவசரம் புரியும். ஆடிப் பதினெட்டை மட்டும் வருடத் தொடக்கத்திலேயே அடித்து வைத்துவிடுவேன். ஒகேனக்கல் போகும் சொந்தக்காரர்கள் அத்தனை பேரும் எங்கள் வீட்டில்தான் இறங்குவார்கள். பெங்களூரில் இருந்து வேலை கொடுப்பவருக்கு அது ஆகஸ்ட்டில் இன்னொரு வேலை நாள், அவ்வளவுதான்.

இவ்வளவு தெரிந்தும் போன கார்த்திகையில் மாட்டிக்கொண்டேன். மூன்று பில்லுக்குப் பணம் வரவில்லை. பையனுக்கு இரண்டாவது தவணை ஃபீஸ் கட்ட வேண்டும். அந்த நேரத்தில் மூன்று இடத்திலிருந்து வேலை வந்தது. மூன்றையும் சேர்த்தால் ஐந்து நாளில் 9,000 சொல்லுக்கு மேல். கணக்கு இடிக்கிறது என்று காலண்டர் சொல்கிறது, ஆனால் முடியாது என்று சொல்ல வாய் வரவில்லை. நடுவில் சனிக்கிழமை மாதாந்திரப் பராமரிப்புக்காகக் காலை 9 மணிக்குப் போன கரண்ட் மாலை 5 மணிக்குத்தான் வந்தது. லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறி, தர்மபுரியில் தங்கச்சி வீட்டில் உட்கார்ந்து அடித்தேன். அப்படியும் ஒரு வேலை பத்து மணி நேரம் தாமதம். அந்த நிறுவனம் பில்லில் ஐந்தில் ஒரு பங்கைக் கழித்துக்கொண்டது. தப்பு என்னுடையது, கழித்ததற்கு நான் வருத்தப்படவில்லை. மிச்சப் பணத்தை அவர்கள் போட்டது 97ஆவது நாள். அதற்கு யாரும் எதையும் கூட்டிக் கொடுக்கவில்லை.

என் மாமனார் தக்காளி கொண்டுபோய் மண்டியில் இறக்கினால், விலை அடிமட்டத்தில் இருந்தாலும் அந்த வாரமே காசு கைக்கு வந்துவிடும். "நீ என்னம்மா, கம்ப்யூட்டர்ல செஞ்சு மூணு மாசம் காத்திருக்கே" என்று அவர் கேட்டபோது என்னிடம் பதில் இல்லை. காசு எப்போது வரும் என்று தெரியாதவள் வந்த வேலையை எல்லாம் அள்ளித்தான் போட்டுக்கொள்வாள். அப்புறம் கெடு தவறத்தான் செய்யும்.

குறு, சிறு, நடுத்தரத் தொழில்களுக்கான 2006ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று இருப்பது அந்த அலைச்சலில்தான் தெரிந்தது. தனியாளாகச் சேவை செய்பவரும் ஆதார், பான் எண்ணைக் கொடுத்து மத்திய அரசின் 'உத்யம்' தளத்தில் காசு கட்டாமல் பதியலாம். எழுத்தில் ஒப்பந்தம் இருந்தாலும் அப்படிப் பதிந்தவருக்குப் பணம் தர 45 நாளுக்கு மேல் எடுத்துக்கொள்ளக் கூடாது, ஒப்பந்தம் இல்லாவிட்டால் 15 நாள்தான். தாண்டினால் ரிசர்வ் வங்கி அறிவிக்கும் 'வங்கி விகிதம்' என்ற வட்டி விகிதத்தைப் போல மூன்று மடங்கு வட்டி, அதுவும் மாதாமாதம் கூட்டு வட்டி. பதிவு எண்ணையும் இந்த விதியையும் இப்போது பில்லின் அடியில் ஒரு வரியாகப் போடுகிறேன். கணக்குப் பிரிவில் பேசும் தொனி கொஞ்சம் மாறியிருக்கிறது. தராதவர் மேல் அரசுத் தளத்தில் புகார் கொடுக்கவும் வழி உண்டு. ஆனால் நான் கொடுத்ததில்லை. கொடுத்தால் அடுத்த வேலை வராது என்ற பயம்தான், மறைப்பானேன்.

அடுத்த கட்டுரையை வேலை கொடுப்பவர்களுக்காக எழுதச் சொல்லுங்கள். இன்னொன்று, உங்கள் நாளிதழில் 'நாளைய மின்தடை' முந்தின நாள்தான் வருகிறது. தகவல் முன்னதாகக் கிடைத்தால் இரண்டு நாள் முன்பே போடுங்கள். காலண்டரில் அந்தக் கட்டத்தையும் அடித்து வைத்துவிடுவேன்.

இப்படிக்கு,
வாசகி ஒருவர்,
பாலக்கோடு, தர்மபுரி மாவட்டம்.