சாதி பார்த்து, சம்பளம் பார்த்து, அப்புறம் ஜெபம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். உங்கள் ஞாயிறு இதழில் வரும் வரன் விளம்பரங்களைக் கண்ணாடி போட்டுக்கொண்டு ஒரு வரி விடாமல் படிக்கிறவள் நான். என் பிள்ளைகளெல்லாம் கரையேறிவிட்டார்கள். ஆனாலும் எங்கள் சபையில் யார் வீட்டில் பெண் இருக்கிறது, யார் வீட்டில் பையன் இருக்கிறான் என்ற கணக்கு என்னிடம்தான். பள்ளிக்கூட வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு தானாக வந்து ஒட்டிக்கொண்ட பொறுப்பு. பயோடேட்டா ஜெராக்ஸ் ஒரு ஃபைல் நிறைய வைத்திருக்கிறேன்.

கிறிஸ்தவர் பகுதி விளம்பரங்கள் பெரும்பாலும் ஒரே மாதிரிதான் இருக்கும். முதலில் இரட்சிக்கப்பட்ட, ஊழிய வாஞ்சையுள்ள பெண் தேவை. உடனே சிவந்த, மெலிந்த. அப்புறம் சாதி, உட்பிரிவு, அரசு வேலை அல்லது ஐ.டி. எல்லாம் முடிந்து கடைசி வரியில், தேவ சித்தத்துக்கு, அதாவது கடவுளின் விருப்பம் தெரிவதற்கு, காத்திருக்கிறோம். நாம் முடிவு செய்தது போக மீதி ஏதாவது இருந்தால் கர்த்தர் பார்த்துக்கொள்ளட்டும் என்று விட்டுவிடுகிறோம். சாதிக் கட்டத்தைக் காலியாக விட்டுத் தாருங்கள் என்று பயோடேட்டா கொண்டுவருகிறவர்களிடம் சொல்லிப் பார்க்கிறேன். "நமக்கு ஒண்ணுமில்ல டீச்சர், சொந்தக்காரங்க ஏதாவது சொல்வாங்க" என்பார்கள். ஜெபத்தில் அதையும் கேட்டீர்களா என்றால் சிரிப்பார்கள்.

எங்கள் பக்கத்தில் பெண் பார்க்க வருகிறவர்கள் கேசரி, மிக்சர் சாப்பிட்டு, ஒரு பாட்டுப் பாடி, எழுந்து போகும்போது "ஜெபித்துச் சொல்கிறோம்" என்பார்கள். உண்மையாகவே ஜெபிக்கிறவர்கள் உண்டு. ஆனால் பல நேரம் அதற்கு அர்த்தம், இதைவிட நல்ல இடம் வருகிறதா என்று பார்க்கிறோம் என்பதுதான். வேறு இடம் அமைந்ததும் போன் வரும்: "கர்த்தர் சமாதானம் தரல."

நான் கொண்டுபோன ஒரு வரனும் அப்படித்தான் முடிந்தது. பெண் என்னிடம் படித்தவள், இப்போது நர்ஸ். பவுன் பேச்சில்தான் சம்பந்தம் முறிந்தது என்று மாப்பிள்ளையின் அத்தான் வழியாக எனக்குப் பிறகு தெரிய வந்தது. பெண்ணுக்குப் போன செய்தியோ கர்த்தர் சமாதானம் தரவில்லை என்பது. புறவாசல் படியில் முருங்கைக்கீரை உருவிக்கொண்டே கேட்டாள்: "டீச்சர், கர்த்தருக்கே என்னைப் பிடிக்கலையோ?" பவுன் போதாது என்று நேராகச் சொல்லியிருந்தால் அவர்களைத் திட்டித் தீர்த்துவிட்டு அடுத்த வேலையைப் பார்த்திருப்பாள். கர்த்தரை யார் திட்டுவது?

கல்யாண ஆராதனைகளில் அடிக்கடி பிரசங்கம் செய்யப்படுகிற, பைபிளின் முதல் புத்தகமான ஆதியாகமத்தின் 24-ஆம் அதிகாரத்தை ஒரு தடவை நிதானமாக வாசிக்கச் சொல்வேன். ஆபிரகாமின் மகன் ஈசாக்குக்குப் பெண் தேடி வந்த அவருடைய ஊழியக்காரன் கிணற்றடியில் நின்று அடையாளம் கேட்கிறான். எனக்குத் தண்ணீர் கொடுத்து, என் ஒட்டகங்களுக்கும் வார்க்கிறேன் என்று சொல்கிற பெண்ணே அந்தப் பெண்ணாக இருக்கட்டும் என்கிறான். வந்திருந்தவை 10 ஒட்டகங்கள். பாலைவனப் பயணம் முடித்த ஒட்டகங்களுக்குத் தாகம் தீரத் தண்ணீர் இறைக்க எத்தனை குடம் ஆகும் என்று யோசியுங்கள். அவன் கேட்டதை வானத்தில் தெரியும் அடையாளம் என்று நான் நினைக்கவில்லை. முன்பின் தெரியாத வழிப்போக்கனிடம் அந்தப் பெண் எப்படி நடந்துகொள்கிறாள் என்பதைப் பார்க்க வேண்டியிருந்தது. அப்படியே செய்ய வந்த ரெபெக்காள் இறைத்துக்கொண்டிருந்தபோதும் அவன் துள்ளிக் குதிக்கவில்லை. கர்த்தர் பயணத்தை வாய்க்கப்பண்ணினாரோ இல்லையோ என்று அறியும்படி மௌனமாகப் பார்த்துக்கொண்டிருந்தான் என்றே எழுதியிருக்கிறது.

அதற்குப் பிறகு வருவதைத்தான் பிரசங்கிமார் வேகமாகக் கடந்துவிடுகிறார்கள். பெண் வீட்டார், "இந்தக் காரியம் கர்த்தரால் வந்தது" என்று சொல்லி முடித்துவிட்டார்கள். ஆனாலும் மறுநாள் காலையில் ரெபெக்காளைக் கூப்பிட்டு, நீ இந்த மனிதனோடே போகிறாயா என்று கேட்கிறார்கள். அவள் போகிறேன் என்கிறாள். கர்த்தரால் வந்தது என்று சொன்ன வீட்டிலேயே பெண்ணின் வாயிலிருந்தும் கேட்டார்கள்.

இந்தக் காலத்திலும் அப்படிப் பார்க்கிறவர்கள் இல்லாமல் இல்லை. எனக்குத் தெரிந்த ஒரு தகப்பனார் மாப்பிள்ளைப் பையன் வேலை பார்க்கும் ஊருக்கு பஸ் ஏறிப் போனார். பையனுக்கு இவர் முகம் தெரியாது. அவன் சாப்பிடுகிற மெஸ்ஸில் எதிர் மேசையில் உட்கார்ந்தார். பரிமாறுகிற பெரியவர் கை தவறி ரசத்தை அவன் சட்டையில் கொட்டிவிட்டார். பையன் எழுந்து, "பரவால்லண்ணே, உங்களுக்குக் கை சுட்டுதா?" என்றானாம். இவர் சாப்பாட்டுக்குக் காசு கொடுத்துவிட்டு ஊர் திரும்பி, அதற்குப் பிறகு குடும்பமாக ஜெபித்தார்கள். மகளிடம் கேட்டார்கள். பையனுக்கு நிரந்தர வேலை இல்லை என்பது தெரிந்தேதான் சரி சொன்னார்கள்.

தேவ சித்தம் அறியச் சீட்டு எழுதிப் போட்டு எடுத்துப் பார்க்கிற பழக்கமும் புதிதல்ல. 1760-ல் தரங்கம்பாடிக்கு வந்த மொரேவியன் என்ற ஐரோப்பிய மிஷனரி சபையார், தங்கள் சபையில் கல்யாணத்துக்கே சீட்டுப் போட்டவர்கள். அனுபவத்தில் பார்த்துவிட்டு 1818-ல் அவர்களுடைய மாமன்றம் சாதாரண சபையாருக்கு அந்த ஏற்பாட்டை விலக்கிவிட்டது. நாமோ வருஷப் பிறப்பு ஆராதனையில் எடுத்த வாக்குத்தத்த அட்டையை, அதாவது ஆளுக்கொரு பைபிள் வசனம் அச்சிட்ட அட்டையை, வைத்து வரன் முடிவு செய்கிறோம். நல்ல எதிர்காலம் தருவேன் என்கிற எரேமியா 29:11 வந்தால் சந்தோஷம். பாபிலோனில் 70 வருஷம் இருக்க வேண்டியவர்களுக்கு எழுதிய கடிதம் அது, வீடு கட்டிக் குடியிருங்கள், தோட்டம் போடுங்கள் என்று சில வசனங்களுக்கு முன்னால்தான் சொல்லியிருக்கிறது என்பது அட்டையில் இருக்காது.

தேவ சித்தம் ஒரே ராத்திரியில் தெரியவேண்டும் என்ற அவசரமும் எனக்குப் புரிவதில்லை. எங்கள் நெல்லைப் பக்கத்து வெள்ளாளன்விளையில் பிறந்து பின்னாளில் பிஷப் ஆன அசரியா, 1902-ல் யாழ்ப்பாணத்துக் கிறிஸ்தவர்களின் மிஷனரி ஆர்வத்தைப் பார்த்தார். மறு வருஷம் நண்பர்களோடு சேர்ந்து இந்திய மிஷனரி சங்கத்தைத் தொடங்கினார். தெலுங்கு நாட்டுத் தோர்ணக்கல்லுக்குத் தானே மிஷனரியாகப் போகவேண்டும் என்று முடிவு செய்து புறப்பட்டது 1909-ல். இடையில் பார்த்த வேலையும், கூட இருந்தவர்களோடு பேசியதும், செய்த ஜெபமும் சேர்ந்துதான் வழி தெரிந்திருக்கிறது. தம்முடைய கல்யாணத்தையும் வரதட்சணை வாங்காமல் செய்துகொண்டவர் அவர். அவர் பேரைச் சொல்லிப் பெருமைப்படுகிற நாங்கள் அதை மட்டும் மறந்துவிடுகிறோம்.

கூட்டங்களில் மைக் பிடித்து, "உனக்கு வடக்கேயிருந்து மாப்பிள்ளை வருகிறான்" என்று சொல்கிறவர்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. தீர்க்கதரிசனத்தை அற்பமாக எண்ணாதிருங்கள் என்று சொன்ன அப்போஸ்தலன் பவுல், அடுத்த வரியிலேயே எல்லாவற்றையும் சோதித்துப் பாருங்கள் என்கிறார். சோதிக்கிற பொறுப்பு கேட்கிறவர்களுக்கும் உண்டு. வடக்கேயிருந்து வராததால் நல்ல வரன்களைத் தட்டிக்கழித்த வீடு ஒன்று எங்கள் தெருவிலேயே இருக்கிறது.

எங்கள் சபைகளில் கல்யாணத்துக்கு முன் மூன்று ஞாயிறு ஓலை, அதாவது கல்யாண அறிவிப்பு, வாசித்து, ஆட்சேபணை உண்டா என்று சபையாரைக் கேட்கிறார்கள். நல்ல ஏற்பாடு. ஓலை கொடுக்க வரும்போதே குருவானவர்கள் பெண்ணையும் பையனையும் தனித்தனியாக உட்காரவைத்து, ரெபெக்காளிடம் கேட்ட கேள்வியைக் கேட்கலாம். பெற்றோர் கொஞ்ச நேரம் வெளியே வேப்பமரத்தடியில் இருக்கட்டும். சம்பந்தம் வேண்டாம் என்று முடிவு செய்கிற வீட்டாரிடமும் ஒரு வேண்டுகோள். எங்களுக்கு ஒத்துவரவில்லை என்று சொல்லுங்கள், போதும். காரணம்கூடச் சொல்ல வேண்டாம். கர்த்தரின் பேரை மட்டும் அதில் இழுக்காதீர்கள்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற ஆசிரியை,
பாளையங்கோட்டை.

(பெயர் போட வேண்டாம். போட்டால் யார் வீட்டு வரன் என்று நாளைக்கே கண்டுபிடித்துவிடுவார்கள்.)