அந்த அப்பா எங்கே போனார்?

ரோஸ் ஹில், மொரீசியஸ்

அன்புத் தோழிக்கு,

உன் கடிதம் கிடைத்தது. அம்மா கைத்தடி இல்லாமல் நடக்கிறார் என்று படித்ததும்தான் நிம்மதி. இங்கே ஜூலைக் குளிர். ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு வகுப்புக்குப் போகிறேன்.

தமிழ் வகுப்பில் கதையின் கரு, பாத்திரம், குறியீடு எல்லாம் எப்படி நடத்துகிறாய் என்று கேட்டிருந்தாய். இத்தனை வருஷமாக விளக்கத்தைப் பலகையில் எழுதிப்போடுவேன், பிள்ளைகள் எழுதிக்கொள்வார்கள், பரீட்சையோடு மறந்துவிடும். இவர்கள் வீட்டில் பேசுவது இந்தத் தீவின் பேச்சுமொழியான கிரியோல். ஒரு தமிழ்க் கதையைக் கையில் கொடுத்தால், சொல்லுக்குப் பொருள் கேட்டு முடிப்பதற்குள் மணி அடித்துவிடும். அதனால் இந்தத் தவணை வசனமே இல்லாத அனிமேஷன் குறும்படங்களை எடுத்துக்கொண்டேன்.

முதலில் பிக்ஸாரின் 'பைப்பர்' (2016). அலைக்குப் பயந்த உள்ளான் குஞ்சு ஒன்று, குட்டி நண்டைப் பார்த்துத் தண்ணீருக்குள் கண் திறக்கப் பழகும் கதை. ஆறே நிமிஷம். கடலோடு வளர்ந்த பிள்ளைகள் அல்லவா, சிக்கல் எது, திருப்பம் எது என்று அவர்களே சொல்லிவிட்டார்கள்.

அப்புறம் மைக்கேல் டுடொக் டி விட் இயக்கிய 'ஃபாதர் அண்ட் டாட்டர்' (2000). சங்கப் பாட்டில் கடற்கரைத் திணையான நெய்தலுக்கு உரிப்பொருள், அதாவது அதற்குரிய உணர்வு, இரங்கல் என்று நாம் உருப்போட்டோமே, அது இந்த டச்சுக்காரர் படத்தில் அப்படியே இருக்கிறது. அப்பா மகளை அணைத்துவிட்டுப் படகேறிப் போகிறார். திரும்பவில்லை. மகள் சைக்கிளில் அதே கரைக்கு வந்து வந்து பார்க்கிறாள். சிறுமியாக, குமரியாக, பிள்ளைகளோடு, கடைசியில் கிழவியாக.

முதல் தடவை முழுப் படத்தையும் பேசாமல் பார்க்கவிட்டேன். இரண்டாம் தடவை ஓர் இடத்தில் நிறுத்தினேன். கிழவி சைக்கிளை நிறுத்துகிறாள், விழுகிறது. தூக்கி நிறுத்துகிறாள், மறுபடியும் விழுகிறது. விட்டுவிட்டு நடக்கிறாள். "ஏன் விட்டுவிட்டாள்?" என்றேன். எப்போதும் வாய் திறக்காத பெண் ஒருத்தி, "திரும்பிப் போகப் போவதில்லை மிஸ், அது அவளுக்குத் தெரியும்" என்றாள். குறியீடு என்ற சொல்லை அதற்குப் பிறகுதான் பலகையில் எழுதினேன்.

"சரி, அப்பா எங்கே போனார்?" என்று கேட்டேன். செத்துப்போனார் என்றார்கள் பலர். ஒரு பையன் மட்டும் கிரியோலில் மெதுவாகச் சொன்னான்: "இங்கே வந்திருப்பார்."

எனக்குச் சட்டென்று பேச்சு வரவில்லை. 1834க்குப் பிறகு இந்தியாவிலிருந்து ஒப்பந்தக் கூலியாகக் கப்பலேறி, இங்கே போர்ட் லூயிஸ் துறைமுகத்தின் கல்படிகளில் ஏறி வந்தவர்கள் எத்தனை பேர்! அவர்களின் வழிவந்த பிள்ளை அவன். நானும்தான். ஆனாலும் இத்தனை தடவை இந்தப் படத்தைப் பார்த்தும் கரையில் நின்ற மகளோடுதான் நின்றிருக்கிறேன். படகில் போனவர் எங்கே கரையேறினார் என்று ஒருநாளும் நினைத்ததில்லை.

அன்று கட்டுரைத் தலைப்பை மாற்றினேன். அப்பா மகளுக்கு எழுதும் கடிதம். நான் கேட்டது ஒரு பக்கம். சிலர் மூன்று பக்கம் எழுதியிருக்கிறார்கள். இரண்டை நகலெடுத்து இத்துடன் வைத்திருக்கிறேன். நடுவில் வரும் கிரியோல் சொற்களைத் திருத்த மனம் வரவில்லை, பொருளை ஓரத்தில் எழுதியிருக்கிறேன். உன் வகுப்பில் வாசித்துக் காட்டு. உன் பிள்ளைகள் மகளாக இருந்து பதில் எழுதுவார்களா, கேட்டுச் சொல்.

அன்புடன்,
உன் தோழி