வண்டலோடு போகும் ஆமைகள்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

மழைக்காலத்தில் வீட்டைப் பாதுகாப்பது பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரை உபயோகமாக இருந்தது. மின்கம்பி, பாம்பு, தேள் பற்றிச் சொன்னதெல்லாம் சரி. ஆனால் 'விஷ ஜந்துக்கள்' என்று தனியாகக் கட்டம் கட்டிப் போட்டிருந்த பட்டியலில் அரணையையும் உடும்பையும் பாம்போடு சேர்த்துவிட்டீர்கள். வீட்டுக்குள் ஆமை வந்தால் 'கோயில் குளத்திலோ கடலிலோ விட்டுவிடலாம்' என்றும் இருந்தது. குறிஞ்சிப்பாடி வட்டத்தில், பெருமாள் ஏரிப் பக்கம், கொல்லையும் கிணறும் உள்ள வீட்டில் இருப்பவள் நான். இவையெல்லாம் எங்களோடு குடியிருப்பவை என்பதால் இதை எழுதுகிறேன்.

அரணை நக்கினால் மரணம் என்று பாட்டி காலத்திலிருந்து சொல்லிவருகிறோம். நம் ஊர்ப் பல்லி, ஓணான், அரணை, உடும்பு எதற்கும் ஆளைக் கொல்லும் விஷம் கிடையாது. எங்கள் வீட்டுத் துவைக்கிற கல்லுக்கு அடியில் ஓர் அரணை இருக்கிறது. காலை வெயில் கல்லில் விழுந்ததும் வெளியே வந்து, உடம்பைத் தட்டையாக்கிக்கொண்டு கிடக்கும். குடம் வைக்கிற சத்தம் கேட்டால் உள்ளே போய்விடும். கரப்பானும் வெட்டுக்கிளியும்தான் அதற்குச் சாப்பாடு. ஒருநாள் பூனை பிடித்ததும் வாலைக் கழற்றிப் போட்டுவிட்டு ஓடிவிட்டது. துள்ளிக்கொண்டிருந்த வாலையே பார்த்தபடி பூனை உட்கார்ந்திருந்தது.

ஓணான் பாடுதான் பரிதாபம். ராமருக்குத் தாகம் எடுத்தபோது அணில் இளநீர் கொடுத்ததாம், ஓணான் மூத்திரம் பெய்து கொடுத்ததாம். இந்தக் கதையைச் சொல்லியே பையன்கள் அதைச் சுருக்குப் போட்டுப் பிடித்துச் சாகடிப்பார்கள். வெயில் காலத்தில் ஆண் ஓணானின் தலையும் தொண்டையும் சிவப்பதைப் பார்த்து, ரத்தம் உறிஞ்சுகிறது என்று பெரியவர்களே பயம் காட்டுகிறார்கள். அது பெண்ணைக் கவரவும் இன்னோர் ஆணை விரட்டவும் காட்டுகிற நிறம். மழை விழுந்து மண் இளகியதும் பெண் ஓணான் எங்கள் கிளுவை வேலியோரம் குழி பறித்து முட்டையிடும். பிறகு மண்ணைத் தள்ளி மூடி, முகத்தால் தட்டித் தட்டி அழுத்தும். அது போன பிறகு அந்த இடத்தை நம்மால் கண்டுபிடிக்க முடியாது.

உடும்பு வந்தால் கோழிமுட்டை போகிறதே என்பார்கள். போகத்தான் செய்கிறது. பகலில் மட்டும் நடமாடுகிற பிராணி என்பதால் கூண்டைப் பகலில் சரியாக மூடினால் போதும். எலி, நண்டு, வண்டு, பாம்பு முட்டை என்று அது தின்று தீர்ப்பதற்கு இந்த நஷ்டம் பெரிதில்லை. 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் உடும்பு முதல் அட்டவணையில் இருக்கிறது. பிடித்தாலோ கொன்றாலோ 3 முதல் 7 ஆண்டு வரை சிறை, 25,000 ரூபாய்க்குக் குறையாத அபராதம். கறிக்கும் தைலத்துக்கும் அலைகிறவர்கள் காதில் இது விழவேண்டும்.

இனி ஆமைக்கு வருகிறேன். ஆமை புகுந்த வீடும் அமீனா புகுந்த வீடும் உருப்படாது என்பார்கள். ஜப்தி செய்ய வரும் கோர்ட்டு ஊழியரான அமீனா வருவதற்குக் கடன் வாங்கியிருக்க வேண்டும். ஆமை வர மழை பெய்தால் போதும். 2024 நவம்பர் கடைசியில் ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரை கடந்து, அடுத்து சாத்தனூர் அணைத் தண்ணீர் தென்பெண்ணையில் வந்து கடலூரை மூழ்கடித்த அந்த வாரம், எங்கள் பக்கம் திண்ணை வரைக்கும் ஆமை ஏறியது. குட்டையும் வாய்க்காலும் ஒன்றாகிவிட்டால் அது எங்கே போகும்?

எங்கள் பக்கம் அதிகம் வருவது பாலாமை. ஓடு வழவழவென்று இருக்கும், மூக்கு சிறு குழாயாக நீண்டிருக்கும். தூக்கினால் தலையையும் காலையும் இழுத்துக்கொள்ள, அடிப்பக்க மடல்கள் பின்னங்காலை அப்படியே மூடிவிடும். கழுத்து நன்றாக நீளும், கடிக்கும். அதனால் பின்பக்க ஓரத்தில்தான் பிடிக்க வேண்டும். முதுகில் வரப்புபோல் மூன்று நீள மேடுகளோடு கறுப்பாக இருப்பது காராமை. இரண்டும் நன்னீர் ஆமைகள். கால்களில் நகம் இருக்கும். கடலில் விட்டால் உப்புத் தண்ணீரில் செத்துப்போகும். நம் கடற்கரை மணலில் முட்டையிட ஏறுகிற பங்குனி ஆமைக்குத்தான் துடுப்புக்கால். நட்சத்திர ஆமையோ தரையில் வாழ்வது. கோயில் குளத்தில் போட்டால் படி ஏறத் தெரியாமல் மூழ்கிச் சாகும். புண்ணியம் என்று நினைத்துச் செய்கிறார்கள், என்ன சொல்வது! வீட்டுக்கு வந்த நன்னீர் ஆமையை மழை விட்டதும் பக்கத்துக் குட்டையோரம் விட்டால் போதும். காயம் பட்டிருந்தாலோ, நட்சத்திர ஆமையாக இருந்தாலோ வனத்துறைக்குச் சொல்லுங்கள்.

ஆனால் நம்மிடம் மாட்டி ஆமை அதிகம் சாவது மழையில் இல்லை, கோடையில். தண்ணீர் வற்றினால் பாலாமை சேற்றுக்குள் புதைந்து, அடுத்த மழை வரை அசையாமல் கிடக்கும். நாம் தூர்வாருவதும் அதே மாதங்களில்தான். போன கோடையில் எங்கள் ஊர்க் குட்டையிலிருந்து வண்டல் எடுத்து வயலில் கொட்டினார்கள். டிராக்டர் ஓட்டிய பையன் என்னைக் கூப்பிட்டு, "அக்கா, மண்ணாங்கட்டி நகருதுக்கா" என்றான். தண்ணீர் ஊற்றிக் கழுவினால் பாலாமை, ஓட்டோரம் ஜேசிபி பல் பட்டுக் கிழிந்திருந்தது. கொட்டிய குவியலைக் கிளறியதில் உயிரோடு சில கிடைத்தன. மற்றவை வெயிலில் காய்ந்திருந்தன.

வண்டல் மண்ணை விவசாயிகள் கட்டணமில்லாமல் எடுத்துக்கொள்ள அரசு அனுமதிப்பது நல்ல திட்டம். எங்கள் வயலுக்கும் அந்த மண் வந்திருக்கிறது, குறை சொல்ல மாட்டேன். அனுமதிச் சீட்டிலேயே இரண்டு வரி சேர்த்தால் போதும்: குட்டையை ஒரே மூச்சில் முழுக்க வாராமல் ஒரு பகுதியை அடுத்த வருடத்துக்கு விட வேண்டும்; மண்ணைக் கொட்டும் இடத்தில் பார்த்துப் பொறுக்க ஓர் ஆள் நிற்க வேண்டும். நூறு நாள் வேலை ஆட்களே இதைச் செய்வார்கள். பாலாமையும் முதல் அட்டவணையில் இருக்கிறது என்பதையும் அவர்களுக்குச் சொல்லிவிட வேண்டும். குழம்புக்கு எடுத்துப்போகிற பழக்கம் இன்னும் விடவில்லை.

குட்டையின் நான்கு பக்கமும் சிமென்ட் சுவர் எழுப்புவதையும் நிறுத்த வேண்டும். ஆமை முட்டையிடுவது கரை மண்ணைத் தோண்டித்தான். செங்குத்துச் சுவரில் அதனால் ஏறவும் முடியாது. எங்கள் ஊராட்சியில் அடுத்த குட்டைக்கு மதிப்பீடு போடுகிறார்கள் என்று கேள்வி. படித்துறை ஒரு பக்கம் இருக்கட்டும், வயல் பக்கத்துக் கரையை மண்ணாகவே சரித்து விடுங்கள் என்று எழுதிக் கொடுத்திருக்கிறேன். மாவட்டம் முழுக்க இதையே விதியாக்கலாம்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
குறிஞ்சிப்பாடி வட்டம், கடலூர் மாவட்டம்.